ஆஸ்டரிஸ்க் லாக் என்ன சொல்கிறது? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

அலுவலகத்தில் போன் வேலை செய்யவில்லை என்றதும் பலரும் முதலில் சர்வரை ரீஸ்டார்ட் செய்துவிடுகிறார்கள். சில சமயம் அதிலேயே சரியாகிவிடும். ஆனால் அந்த நொடியில் எந்த அழைப்பு எங்கே நின்றது என்ற நிலவரமும் அதோடு அழிந்துவிடும். பிறகு அதே புகார் திரும்ப வரும்போது மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும். தயவுசெய்து ரீஸ்டார்டுக்கு முன் லாக்கைப் (சர்வர் தானே எழுதிவைக்கும் பதிவை) பாருங்கள். காரணம் பெரும்பாலும் அங்கேயே எழுதியிருக்கும்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது ஆஸ்டரிஸ்க் என்ற தொலைபேசி சர்வர், அதிலும் அதன் பிஜேசிப் பகுதி வழியாக சிப் (நெட்வொர்க் வழியே அழைப்பை நடத்தும் நெறிமுறை) போன்களும், வெளி எண்களுக்குப் பேச சேவை நிறுவனம் தரும் ட்ரங்குகளும் இணைந்திருக்கும் அமைப்பு. அதை வலைப்பக்கம் வழியாக நிர்வகிக்கும் ஃப்ரீபிபிஎக்ஸ் போட்டிருந்தாலும் அடியில் ஓடுவது ஆஸ்டரிஸ்க்தான் என்பதால் எல்லாம் பொருந்தும். பிஜேசிப்புக்கு முன் அதே வேலையைச் செய்த பழைய சான்சிப் பகுதி 2023-இல் வந்த 21-ஆம் பதிப்போடு நீக்கப்பட்டுவிட்டது. இன்னும் பல இடங்களில் பழைய சர்வர் ஓடுவதால் அதன் வரிகளையும் தேவையான இடத்தில் சொல்கிறேன். திரையில் ஆங்கிலத்தில் வரும் வரிகளையும் கட்டளைகளையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன்; லாக்கில் தேடும்போது ஆங்கிலத்தில் தேடுங்கள்.

எந்த வரியைப் படித்தாலும் முதலில் கேட்க வேண்டியது: இதைச் சொன்னது யார்? நம் சர்வர் மறுத்ததா, எதிர்முனை மறுத்ததா, இல்லை யாருமே ஒன்றும் சொல்லாமல் நேரம் கடந்ததா? யாராவது மறுத்திருந்தால் பாக்கெட் போய்ச் சேர்ந்திருக்கிறது, வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது கோளாறு பாஸ்வேர்டு, எண், கோடெக் (குரலை டிஜிட்டலாக மாற்றும் முறை) போன்ற அமைப்பு விஷயத்தில் இருக்கும். பதிலே வரவில்லை என்றால் பாஸ்வேர்டை மாற்றிப் பயனில்லை. நெட்வொர்க், ஃபயர்வால், நாட் (உள் முகவரிகளை ரவுட்டர் வெளி முகவரியாக மாற்றும் முறை) பக்கம் போக வேண்டும். இந்த ஒன்றைப் பிரித்துவிட்டாலே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறையும்.

லாக்கைத் திறக்கும் முன்

லாக் ஃபைல்கள் வழக்கமாக /வார்/லாக்/ஆஸ்டரிஸ்க் என்ற இடத்தில் இருக்கும். ஃப்ரீபிபிஎக்ஸில் ‘ஃபுல்’ என்ற ஃபைலைப் பாருங்கள். தனியாக நிறுவிய ஆஸ்டரிஸ்கில் ‘மெசேஜஸ்’ மட்டும் இருக்கலாம். அதில் நோட்டீஸ், வார்னிங், எரர் ஆகியவை வரும், ஆனால் அழைப்பு எப்படி நகர்ந்தது என்ற வெர்போஸ் வரிகள் வராமல் போகலாம். லாகர்.கான்ஃப் ஃபைலில் வெர்போஸையும் செக்யூரிட்டியையும் சேர்த்து, ‘லாகர் ரீலோட்’ கொடுங்கள். வெர்போஸ் அளவு 3 போதும்.

ஒவ்வொரு அழைப்புக்கும் சதுர அடைப்புக்குள் சி-00000027 என்பது போல ஓர் அடையாளம் இருக்கும். பலர் ஒரே நேரத்தில் பேசும் சர்வரில் வரிகள் ஒன்றோடொன்று கலந்து வரும். இந்த அடையாளத்தை வைத்து கிரெப் கட்டளையால் தேடினால் அந்த ஒரே அழைப்பின் கதை மட்டும் வரிசையாகக் கிடைக்கும். இதைச் செய்யாமல் படித்தால் ஒருவருடைய அழைப்பின் பிழையை இன்னொருவருடைய அழைப்பின் மேல் போட்டுவிடுவோம்.

அப்புறம் நேரம். வாடகை சர்வர்கள் பல யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும். இந்தியாவிலும் இலங்கையிலும் நம் கடிகாரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் இருக்கிறது. ‘காலை 10 மணிக்குக் கட் ஆனது’ என்று ஊழியர் சொன்னால், லாக்கில் 4:30-ஐத் தேட வேண்டும்.

லாக் போதவில்லை என்றால் ‘பிஜேசிப் செட் லாகர் ஆன்’ கொடுத்து சிப் செய்திகளையே பாருங்கள் (இதைத்தான் இனி சிப் டிரேஸ் என்கிறேன்). அதில் ஒவ்வொரு செய்தியின் தலையிலும் ‘ரிசீவ்டு’ அல்லது ‘டிரான்ஸ்மிட்டிங்’ என்று இருக்கும், கூடவே முகவரியும் போர்ட்டும். யார் சொன்னது என்ற கேள்விக்கு நேரடியான பதில் அதுதான். கூட்டமான சர்வரில் ‘ஹோஸ்ட்’ சேர்த்து ஒரே முகவரிக்கு மட்டும் போடலாம். கமாண்ட் லைனில் பழகியவர்களுக்கு எஸ்என்கிரெப் என்ற கருவி இன்னும் வசதி; அழைப்பை ஏணி போல அம்புக்குறிகளோடு காட்டும்.

போன் ரிஜிஸ்டரே ஆகவில்லை

முதலில் ஒரு தவறான பயத்தை நீக்கிவிடலாம். சிப் டிரேஸில் 401 அன்ஆதரைஸ்டு என்று பார்த்ததும் பாஸ்வேர்டு தவறு என்று முடிவு கட்டாதீர்கள். தன் முகவரியை சர்வரிடம் பதிய (இதுதான் ரிஜிஸ்டர்) போன் முதலில் பாஸ்வேர்டு இல்லாமல் கேட்கும். சர்வர் 401-ஓடு ஒரு சவால் எண் அனுப்பும். போன் அதையும் பாஸ்வேர்டையும் சேர்த்துக் கணக்கிட்ட விடையோடு மறுபடி கேட்கும். அதன் பிறகு 200 ஓகே வரும். அதாவது ஒரு 401 இயல்பு. செக்யூரிட்டி லாக்கில் ‘சேலஞ்ச் சென்ட்’ என்று வருவதும் இதுவே. 401-க்குப் பின் மறுபடியும் 401, மறுபடியும் 401 என்று போனால்தான் சிக்கல்.

‘ரிக்வெஸ்ட் ரிஜிஸ்டர் ஃபெயில்டு’ என்ற வரியின் கடைசியில் ‘ஃபெயில்டு டு ஆதென்டிகேட்’ என்று இருந்தால், அந்த எக்ஸ்டென்ஷன் (போனின் உள் எண்) இருக்கிறது, பாஸ்வேர்டு பொருந்தவில்லை. சான்சிப்பில் இது ‘ராங் பாஸ்வேர்டு’ என்று நேராகவே வரும். போனில் ஆதென்டிகேஷன் யூசர்நேம் என்று தனிக் கட்டம் இருந்தால் அதையும் பாருங்கள். பாஸ்வேர்டு சரியாக இருந்து அந்தப் பெயர் மட்டும் மாறியிருந்தாலும் விடை பொருந்தாது.

‘நோ மேட்சிங் எண்ட்பாயின்ட் ஃபவுண்ட்’ என்றால் கேட்பவர் யார் என்றே சர்வருக்குத் தெரியவில்லை. சில சமயம் ‘5 முயற்சிக்குப் பிறகு, இத்தனை மில்லி நொடியில்’ என்ற குறிப்பும் கூட வரும். போனில் எக்ஸ்டென்ஷன் எண் தவறாக இருக்கலாம். சர்வரில் எண்ட்பாயின்ட், அதாவது அந்தப் போனுக்கான அமைப்பு, ஏறாமல் இருக்கலாம். ‘பிஜேசிப் ஷோ எண்ட்பாயின்ட் 101’ கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இவை இரண்டும் தாண்டியும் ரிஜிஸ்டர் ஆகாமல் போவதுண்டு. ‘ஏஓஆர் நாட் ஃபவுண்ட் ஃபார் எண்ட்பாயின்ட் 101’ என்றால் பாஸ்வேர்டு ஒத்துக்கொள்ளப்பட்டது, ஆனால் முகவரியை எழுதி வைக்கும் இடம், அதாவது ஏஓஆர் பகுதி, கிடைக்கவில்லை. ஏஓஆர் பெயரும் போன் கேட்கும் பயனர் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும், கையால் பிஜேசிப்.கான்ஃப் எழுதுபவர்கள் அடிக்கடி இங்கே மாட்டுகிறார்கள். ‘நோ கான்ஃபிகர்டு மேக்ஸ் காண்டாக்ட்ஸ்’ என்று வந்தால், மேக்ஸ் காண்டாக்ட்ஸ் (எத்தனை போன் முகவரிகள், அதாவது காண்டாக்டுகள், பதியலாம் என்ற அளவு) எழுதவே இல்லை என்று பொருள். அதன் இயல்பு மதிப்பு 0. 0 என்றால் யாரையும் சேர்க்காது.

‘வில் எக்ஸீட் மேக்ஸ் காண்டாக்ட்ஸ் ஆஃப் 1’ என்ற வரி மின்தடைக்குப் பிறகு நிறைய வரும். ரவுட்டர் மறுபடி எழுந்ததும் போனுக்கு வேறு வெளி போர்ட் கிடைக்கிறது. சர்வரிடம் பழைய முகவரி இன்னும் காலாவதியாகாமல் இருக்கிறது. புதியது வந்ததும் ‘ஒன்றுக்கு மேல் கூடாது’ என்று மறுக்கிறது. ‘ரிமூவ் எக்ஸிஸ்டிங்’ என்பதை ‘யெஸ்’ ஆக்கிவிட்டால் பழையதை நீக்கிப் புதியதை ஏற்கும்.

லாக்கில் எதுவுமே வரவில்லை, போன் மட்டும் ‘டைம்அவுட்’ என்கிறது என்றால் பாக்கெட் ஆஸ்டரிஸ்க் வரை வரவே இல்லை. சர்வரில் டிசிபிடம்ப் (வந்து போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) போட்டு 5060 போர்ட்டைப் பாருங்கள். அதிலும் எதுவும் இல்லை என்றால் வழியில் எங்கோ நிற்கிறது. டிசிபிடம்ப்பில் வருகிறது, ஆஸ்டரிஸ்க் லாகரில் வரவில்லை என்றால் பெரும்பாலும் சர்வரின் சொந்த ஃபயர்வால்தான் தடுக்கிறது.

வெளியே பேச முடிகிறது, உள்ளே அழைப்பு வருவதில்லை

மிகவும் அலைக்கழிக்கும் புகார் இது, ஏனென்றால் சோதிக்கும்போது வேலை செய்யும். போனை எடுத்து வெளியே அழைத்துப் பார்த்துவிட்டு, சற்று நேரத்தில் அதற்கு அழைத்தால் மணி அடிக்கும். அரை மணி நேரம் சும்மா இருந்த பிறகு அழைத்தால் அடிக்காது.

லாக்கில் ‘காண்டாக்ட் 101 இஸ் நவ் அன்ரீச்சபிள்’ என்றும், சிறிது நேரத்தில் ‘இஸ் நவ் ரீச்சபிள்’ என்றும் மாறி மாறி வரும். சான்சிப்பில் ‘பியர் 101 இஸ் நவ் அன்ரீச்சபிள், லாஸ்ட் குவாலிஃபை 35’ என்ற வடிவம். அந்த 35 என்பது கடைசியாகப் பதில் வர எடுத்த மில்லி நொடி. சர்வர் அவ்வப்போது ஆப்ஷன்ஸ் என்ற சிறு செய்தியை அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்க்கிறது. பிஜேசிப்பில் இயல்பாக 3 நொடி காத்திருக்கும். பதில் 404 ஆக இருந்தாலும் கவலையில்லை. ஏதோ ஒரு பதில் வந்தால் போன் உயிரோடு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும்.

அடியில் நடப்பது இதுதான். வீட்டு ரவுட்டர் உள்ளிருந்து வெளியே போகும் யுடிபி பாக்கெட்டுக்கு ஒரு வழியைத் திறக்கும். சிறிது நேரம் எந்தப் போக்குவரத்தும் இல்லையென்றால் அதை மூடிவிடும். பல ரவுட்டர்களில் இது 30 நொடி முதல் சில நிமிடம் வரைதான். ஆனால் போன் 3600 நொடிக்கு ஒருமுறைதான் ரிஜிஸ்டரைப் புதுப்பிக்கிறது. இடைப்பட்ட நேரம் முழுக்க, போன் இருப்பதாக சர்வர் நம்புகிறது, வழி மூடியிருக்கிறது. வெளியே அழைத்தால் வழி மறுபடி திறக்கும். அதனால்தான் சோதனையின்போது எல்லாம் சரியாகத் தெரிகிறது.

‘குவாலிஃபை ஃப்ரீக்வென்சி’ என்பதை 30 நொடிக்கு வைத்தால் அந்தச் சிறு செய்திகளே வழியைத் திறந்து வைத்திருக்கும். அதன் இயல்பு மதிப்பு 0, அதாவது சோதிப்பதே இல்லை. அப்படி விட்டிருந்தால் அன்ரீச்சபிள் வரியே லாக்கில் வராது, ‘பிஜேசிப் ஷோ காண்டாக்ட்ஸ்’ பட்டியலில் ‘நான்குவால்’ (சோதிக்கப்படவில்லை) என்று நிற்கும். கூடவே அந்த எண்ட்பாயின்டில் ‘ரீரைட் காண்டாக்ட்’, ‘ஃபோர்ஸ் ஆர்போர்ட்’, ‘ஆர்டிபி சிமெட்ரிக்’ மூன்றும் ‘யெஸ்’ ஆக இருக்க வேண்டும். எழுதும்போது இந்தப் பெயர்களின் சொற்களுக்கு நடுவே அடிக்கோடு வரும். காண்டாக்ட் பட்டியலில் வெளியூர் போன் ஒன்றுக்கு 192.168 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால், ‘ரீரைட் காண்டாக்ட்’ போடவில்லை என்பது உறுதி. அந்த முகவரிக்கு சர்வர் எத்தனை முறை அழைத்தாலும் போய்ச் சேராது.

‘ரிமூவ்டு காண்டாக்ட், டியூ டு எக்ஸ்பிரேஷன்’ என்பது வேறு. அது போன் புதுப்பிக்க மறந்ததையோ, அணைந்து போனதையோ காட்டுகிறது. ‘டியூ டு ரிக்வெஸ்ட்’ என்றால் போனே விலகிக்கொண்டது. மொபைல் ஆப்கள் பின்னணிக்குப் போகும்போது இப்படிச் செய்வதுண்டு.

ஒரு கிளையின் எல்லா போன்களும் ஒன்றாக இறங்கின

பத்து எக்ஸ்டென்ஷன்களின் அன்ரீச்சபிள் வரிகளும் அடுத்தடுத்த சில நொடிகளில் வந்திருந்தால் ஒவ்வொரு போனாகப் பார்க்க வேண்டாம். அந்தக் கிளையின் இன்டர்நெட் போயிருக்கலாம். இன்டர்நெட் நன்றாக இருக்கிறது, பிரவுசர் வேலை செய்கிறது என்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது, தோற்கும் முயற்சிகளை லாக்கில் பார்த்து அந்த முகவரியைத் தடுக்கும் ஃபெயில்2பான்.

கிளையில் உள்ள எல்லா போன்களும் ஒரே வெளி முகவரியோடுதான் நம்மிடம் வருகின்றன. யாரோ ஒரு பழைய போனில் தவறான பாஸ்வேர்டோடு விட்டிருப்பார்கள். அது விடாமல் முயன்று முயன்று தோற்கும். ஃபெயில்2பான் அந்த முகவரியைத் தடை செய்யும், கிளை முழுதும் அடங்கிவிடும். தடை நேரம் முடிந்ததும் எல்லாம் எழும், பின் மறுபடி இறங்கும். லாக்கில் இறங்குவதற்குச் சற்று முன் அதே முகவரியிலிருந்து ‘ஃபெயில்டு டு ஆதென்டிகேட்’ வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அந்த வரியிலேயே எக்ஸ்டென்ஷன் எண்ணும் இருக்கும். அந்தப் போனைச் சரிசெய்துவிட்டு, கிளையின் முகவரி நிலையானதாக இருந்தால் ஃபெயில்2பானின் ‘இக்னோர்ஐபி’ பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

எண்ணைப் போட்டால் போகவில்லை

‘எவ்ரிஒன் இஸ் பிசி/கன்ஜெஸ்டட் அட் திஸ் டைம்’ என்ற வரியைப் பார்த்துவிட்டு ‘லைன் பிசி’ என்று சொல்லிவிடுவார்கள். அந்த வரி முடிவைத்தான் சொல்கிறது, காரணத்தை அல்ல. ஆனால் அதன் கடைசியில் உள்ள எண்கள் நல்ல தடயம். அடைப்புக்குள் 1:0/0/1 என்பது போல இருக்கும். முதல் எண் எத்தனை இடத்துக்கு முயன்றோம் என்பது. அடுத்த மூன்றும் வரிசையாக பிசி, கன்ஜெஷன், சேனலே கிடைக்காதது. 1:1/0/0 என்றால் உண்மையிலேயே எதிர்முனை பேசிக்கொண்டிருக்கிறது. 1:0/1/0 என்றால் ட்ரங்க் பக்கம் மறுத்திருக்கிறது. 1:0/0/1 என்றால் பெரும்பாலும் நம் சர்வரால் அழைப்பைத் தொடங்கவே முடியவில்லை.

கடைசி வகைக்கு ஒன்றிரண்டு வரி மேலே பாருங்கள். ‘அன்ஏபிள் டு கிரியேட் சேனல்’ என்று இருக்கும், கூடவே காரண எண். 20 என்றால் அந்த எக்ஸ்டென்ஷன் ரிஜிஸ்டர் ஆகவில்லை. 3 என்றால் போக வழியில்லை. இந்தக் காரண எண்கள் தொலைபேசித் துறையின் க்யூ.850 பட்டியலிலிருந்து வருபவை. 1 இல்லாத எண், 16 இயல்பாக வைத்தது, 17 பிசி, 21 மறுப்பு. இந்த நான்கைத் தெரிந்து வைத்தாலே நிறைய அழைப்புகளின் முடிவு புரிந்துவிடும்.

ட்ரங்க் மறுத்திருந்தால் சிப் டிரேஸில் ‘ரிசீவ்டு’ பக்கம் வந்த எண்ணைப் பாருங்கள். 403 என்றால் கணக்கில் பணமில்லை, அனுமதியில்லை, அல்லது நாம் அனுப்பும் காலர் ஐடியை அவர்கள் ஏற்கவில்லை. 404 என்றால் எண் வடிவம்: அவர்கள் 91-ஓடு கேட்கிறார்களா, 0-ஓடு கேட்கிறார்களா என்று ஒப்பிடுங்கள். 488 என்றால் கோடெக் பொருந்தவில்லை. இந்தியாவில் ஏ-லா என்ற கோடெக்தான் வழக்கம். மாதிரி அமைப்பை வெளிநாட்டுப் பக்கத்திலிருந்து எடுத்துப் போட்டால் மியூ-லா மட்டும் இருக்கும், சில ட்ரங்குகள் அதை ஏற்காது. 503 என்றால் அவர்கள் பக்கம் கொள்ளளவோ கோளாறோ.

ட்ரங்க் ரிஜிஸ்டர் ஆவதே நின்றுவிட்டதா என்று ‘பிஜேசிப் ஷோ ரிஜிஸ்ட்ரேஷன்ஸ்’ காட்டும். ‘நோ ரெஸ்பான்ஸ் ரிசீவ்டு... ரிட்ரையிங் இன் 60’ என்றால் மௌனம். நெட்வொர்க்கைப் பாருங்கள், அது தானாகவே மறுபடி முயலும். ‘ஃபேட்டல் ரெஸ்பான்ஸ்... ஸ்டாப்பிங்’ என்றால் ஆபத்து: எதிர்முனை மறுத்துவிட்டது, ஆஸ்டரிஸ்க் இனி முயலாது. அவர்கள் சர்வரில் ஐந்து நிமிடக் கோளாறு வந்து 403 அனுப்பினாலும், நாம் கையால் தொடங்கும்வரை ட்ரங்க் செத்தே கிடக்கும். ‘ஃபர்பிடன் ரிட்ரை இன்டர்வல்’ என்பதற்கு ஒரு மதிப்புக் கொடுத்து வையுங்கள். இந்த ஒரு வரி எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளைக் காப்பாற்றும்.

வெளியிலிருந்து ட்ரங்க் வழியாக வரவில்லை

லாக்கில் அழைப்பின் சுவடே இல்லையென்றால் அது நம் வாசலுக்கு வரவில்லை. ‘இன்வைட்... நோ மேட்சிங் எண்ட்பாயின்ட்’ (இன்வைட் என்பது அழைப்பைத் தொடங்கும் செய்தி) என்று இருந்தால், சேவை தருபவர் புதிய முகவரியிலிருந்து அனுப்புகிறார். ‘ஐடென்டிஃபை’ பகுதியின் ‘மேட்ச்’ பட்டியலில் அதைச் சேர்த்துவிடுங்கள். முகவரி அவர்களுடையதுதானா என்று அவர்களிடம் கேட்டு உறுதி செய்த பிறகே சேர்க்க வேண்டும். ‘ரிஜெக்டட் பிகாஸ் எக்ஸ்டென்ஷன் நாட் ஃபவுண்ட் இன் கான்டெக்ஸ்ட்’ என்றால் அழைப்பு உள்ளே வந்துவிட்டது, எண்ணுக்கு டயல்பிளானில் (எந்த எண் எங்கே போக வேண்டும் என்ற விதிகளில்) வழியில்லை. அந்த வரியில் எண் எப்படி வந்திருக்கிறதோ, ‘+91’ உட்பட, அப்படியே உள்வரும் ரூட்டில் எழுதுங்கள். நாம் நினைக்கும் வடிவம் அங்கே செல்லாது.

சரியாக 32 நொடியில் கட் ஆகிறது

ஏறக்குறைய ஒவ்வொரு அழைப்பும் 30, 32 நொடியில் துண்டாகிறது என்றால் இன்டர்நெட் வேகத்தைக் குறை சொல்லாதீர்கள். சிப் நெறிமுறையின் அடிப்படை நேர அளவு அரை நொடி. முக்கியமான செய்திக்குப் பதில் வரவில்லை என்றால் திரும்பத் திரும்ப அனுப்பி, அந்த அரை நொடியின் 64 மடங்கு, அதாவது 32 நொடி வரை காத்திருக்கும். அழைப்பை எடுத்ததும் நாம் 200 ஓகே அனுப்புகிறோம். எதிர்முனை ஏக் என்ற ஒப்புதலை அனுப்ப வேண்டும். அது வந்து சேரவில்லை. பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே சர்வர் 32-ஆவது நொடியில் அழைப்பை வைத்துவிடும்.

சான்சிப்பில் ‘ரீட்ரான்ஸ்மிஷன் டைம்அவுட் ரீச்டு... கிரிட்டிகல் ரெஸ்பான்ஸ்’ என்றும் ‘32000 மில்லி நொடி’ என்றும் தெளிவாக வரும். பிஜேசிப்பில் சிப் டிரேஸைப் பாருங்கள்: அதே 200 ஓகே அரை நொடி, 1, 2, 4 நொடி இடைவெளியில் ‘டிரான்ஸ்மிட்டிங்’ ஆகிக்கொண்டே இருக்கும். அந்த 200 ஓகேயின் காண்டாக்ட் வரியைப் படியுங்கள். அதில் 192.168 அல்லது 10 என்று தொடங்கும் உள் முகவரி இருந்தால் கண்டுபிடித்துவிட்டீர்கள். எதிர்முனை ஏக்கை அந்த முகவரிக்கு அனுப்புகிறது, அது எங்கும் போய்ச் சேராது. டிரான்ஸ்போர்ட் பகுதியில் ‘எக்ஸ்டெர்னல் சிக்னலிங் அட்ரஸ்’, ‘எக்ஸ்டெர்னல் மீடியா அட்ரஸ்’ இரண்டிலும் பொது முகவரியும், ‘லோக்கல் நெட்’டில் உள் வலையும் எழுத வேண்டும். டிரான்ஸ்போர்ட் மாற்றத்துக்கு வெறும் ரீலோட் பல நேரம் போதாது. இங்கே ரீஸ்டார்ட் தேவைதான்.

15 நிமிடத்தில் கட் ஆவது இதன் தம்பி. அழைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் செஷன் டைமரின் வழக்கமான மதிப்பு 1800 நொடி; பாதி நேரத்தில், அதாவது 900-ஆவது நொடியில், புதுப்பிக்கும் செய்தி போகும். அதற்குப் பதில் வராவிட்டால் அழைப்பு விழும். காரணம் பெரும்பாலும் அதே தவறான முகவரி, அல்லது அதற்குள் வழியை மூடிவிட்ட ஃபயர்வால்.

ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது

பேச்சு ஆர்டிபி என்ற தனி ஓடையில், வேறு போர்ட்டுகளில் போகிறது. மாதிரி ஆர்டிபி.கான்ஃப் ஃபைலில் 10000 முதல் 20000 வரை. 5060-ஐ மட்டும் திறந்துவிட்டு இவற்றை மறந்தால் மணி அடிக்கும், எடுக்கலாம், ஆனால் சத்தம் வராது.

‘ஆர்டிபி செட் டீபக் ஆன்’ கொடுங்கள். ‘சென்ட் ஆர்டிபி பாக்கெட் டு’, ‘காட் ஆர்டிபி பாக்கெட் ஃப்ரம்’ என்று வரிகள் பொழியும்; ஜி.711 கோடெக்கில் ஒரு திசைக்கு நொடிக்கு 50 பாக்கெட், ஒவ்வொன்றிலும் 160 பைட். அடைப்புக்குள் ‘டைப் 08’ என்றால் ஏ-லா, ‘00’ என்றால் மியூ-லா. ஓர் அழைப்பில் இரண்டு கால்கள் உண்டு: போனுக்கும் சர்வருக்கும் ஒன்று, சர்வருக்கும் ட்ரங்குக்கும் ஒன்று. இரண்டிலும் ‘காட்’ வருகிறதா என்று பாருங்கள். எந்த முகவரியிலிருந்து ‘காட்’ வரவில்லையோ அந்த ஆளின் குரல்தான் காணாமல் போகிறது. ‘சென்ட்’ போகும் முகவரி 192.168 ஆக இருந்து போன் வெளியூரில் இருந்தால், ‘ஆர்டிபி சிமெட்ரிக்’ விடுபட்டிருக்கிறது. ‘டைரக்ட் மீடியா’வை ‘நோ’ ஆக்குங்கள். இல்லையென்றால் சர்வரை விட்டுவிட்டு இரு போன்களும் நேராகப் பேச முயலும், நாட் அமைப்புக்குப் பின்னால் அது அரிதாகவே கைகூடும்.

‘ஸ்ட்ரிக்ட் ஆர்டிபி லேர்னிங்’, ‘லாக்கிங் ஆன் சோர்ஸ் அட்ரஸ்’ வரிகள் பிழை அல்ல. எந்த முகவரியிலிருந்து குரல் வருகிறது என்று சர்வர் கற்றுக்கொண்டு, மற்றவர்களை ஒதுக்குகிறது. அது எந்த முகவரியில் பூட்டியது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ‘ஃபார் லேக் ஆஃப் ஆடியோ ஆர்டிபி ஆக்டிவிட்டி இன் 30 செகண்ட்ஸ்’ என்று அழைப்பு வெட்டப்பட்டால், நாம் போட்ட ஆர்டிபி டைம்அவுட் வேலை செய்திருக்கிறது. குரல் அதற்கு 30 நொடி முன்பே நின்றுவிட்டது, அங்கே தேடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் முகவரிகள் விசித்திரமாக மாறுகின்றன என்றால் ரவுட்டரில் சிப் ஏஎல்ஜி (சிப் செய்திகளில் உள்ள முகவரிகளை ரவுட்டரே மாற்றும் வசதி) இருக்கிறதா என்று பார்த்து அணையுங்கள். சர்வரையே அலுவலகத்தில் வைத்திருப்பவர்கள் ரவுட்டரின் வெளி முகவரியையும் பார்க்க வேண்டும். அது 100.64 முதல் 100.127 வரையான வரிசையில் இருந்தால் இணைய நிறுவனமே ஒரு நாட் அமைப்புக்குப் பின்னால் உங்களை வைத்திருக்கிறது. எத்தனை போர்ட் ஃபார்வர்ட் போட்டாலும் வெளியிலிருந்து எதுவும் உள்ளே வராது. பொது முகவரி கேட்டு வாங்குங்கள், அல்லது சர்வரை வெளியே வாடகை இடத்துக்கு மாற்றுங்கள்.

டிஎல்எஸ் போன்கள் மட்டும் இறங்கின

5061 போர்ட்டில் டிஎல்எஸ் என்ற மறையாக்கத்தோடு வரும் போன்கள் ஒரே நாளில் நின்றால் சர்வரின் சான்றிதழ் தேதியைப் பாருங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ்கள் வழக்கமாக 90 நாள் கொண்டவை. ஃபைல் தானாகப் புதுப்பிக்கப்பட்டிருந்தாலும் ஆஸ்டரிஸ்க் பழையதையே கையில் வைத்திருக்கலாம். லாக்கில் ‘அலர்ட் அன்நோன் சிஏ’ என்று வந்தால் கவனியுங்கள்: அலர்ட் என்பது எதிர்முனை அனுப்பியது. போன்தான் நம் சான்றிதழை நம்பவில்லை. ‘சர்டிஃபிகேட் வெரிஃபை ஃபெயில்டு’ என்றால் நாம் எதிர்முனையை நம்பவில்லை. இரண்டுக்கும் சரிசெய்ய வேண்டிய இடம் நேர் எதிர்.

ஐவிஆரில் எண்ணை அழுத்தினால் கேட்கவில்லை

ஐவிஆர் என்பது ‘1-ஐ அழுத்துங்கள்’ என்று சொல்லும் தானியங்கிக் குரல்; நாம் அழுத்தும் எண்களின் ஒலிக்குறி டிடிஎம்எஃப். லாகரில் டிடிஎம்எஃப் நிலையைச் சேர்த்து, ‘டிடிஎம்எஃப் பிகின்’, ‘எண்ட்’ வரிகள் வருகின்றனவா என்று பாருங்கள். வராவிட்டால் இரு பக்கமும் வேறு வேறு முறையில் இருக்கின்றன. ஆர்எஃப்சி 4733 முறையை இரு பக்கமும் வையுங்கள். ஒரே அழுத்தலுக்கு இந்த ஜோடி இரண்டு முறை வந்தால் ஒரு பக்கம் இரு முறையிலும் அனுப்புகிறது.

தெரியாத முகவரிகள் தட்டிக்கொண்டே இருக்கின்றன

பொது முகவரியில் 5060 திறந்திருந்தால் 100, 1000, அட்மின் என்று பெயர் மாற்றி மாற்றி ‘நோ மேட்சிங் எண்ட்பாயின்ட்’ வரிகள் வந்துகொண்டே இருக்கும். ஃப்ரெண்ட்லி-ஸ்கேனர் என்ற யூசர் ஏஜென்ட் பெயரும் வரலாம். இவை மறுக்கப்பட்ட முயற்சிகள். ஃபெயில்2பானும் நீளமான பாஸ்வேர்டும் இருந்தால் நம் சேவையைப் பாதிக்காது. உண்மையில் பயப்பட வேண்டியது இரண்டு காட்சிகளுக்கு. ஒரே வெளிநாட்டு எண்ணை 00, 000, 900, 9011 என்று முன்னொட்டு மாற்றி யாரோ போட்டுப் பார்க்கும் ‘எக்ஸ்டென்ஷன் நாட் ஃபவுண்ட்’ வரிகள் தெரிந்தால், அடையாளம் கேட்காமலே ஒருவரை டயல்பிளான் வரை விட்டிருக்கிறீர்கள். அனானிமஸ் எண்ட்பாயின்ட்டை உடனே மூடுங்கள். இரண்டாவது இன்னும் மோசம்: நிறைய தோல்விகளுக்குப் பின், அதே முகவரியிலிருந்து ஒரு ‘சக்சஸ்ஃபுல் ஆத்’. அந்த எக்ஸ்டென்ஷனின் பாஸ்வேர்டை அப்போதே மாற்றி, காண்டாக்டை நீக்கி, வெளிநாட்டு அழைப்பை ட்ரங்க் அளவிலேயே நிறுத்துங்கள். இரவில் ஓடும் திருட்டு அழைப்புகளின் பில் காலையில்தான் தெரியும்.

சேவை தருபவரிடம் புகார் கொடுக்கும்போது

‘கால் போகவில்லை’ என்று மட்டும் எழுதினால், ரவுட்டரை அணைத்துப் போடுங்கள் என்றுதான் பதில் வரும். அழைத்த எண், அழைக்கப்பட்ட எண், நேரமும் அது எந்த நேர மண்டலம் என்பதும், சிப் டிரேஸில் உள்ள கால்-ஐடி, அவர்கள் அனுப்பிய பதில் எண் ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். லாக்கில் வரும் சி-00000027 அடையாளம் நம் சர்வருக்குள் மட்டும் செல்லும். அவர்கள் தேடுவதற்குக் கால்-ஐடிதான் வேண்டும். பாக்கெட் கேப்சர் ஃபைல் இணைத்தால் இன்னும் நல்லது. ஆனால் அதில் வாடிக்கையாளரின் பேச்சும் பதிந்திருக்கும், ஆகவே 5060 போர்ட்டை மட்டும் பிடித்து அனுப்புங்கள்.